லட்சுமி ஒழுகும் ஓட்டை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போன பேருந்தில் ஏறியவர்களுக்கு, இது பஸ்ஸா நர்சரியா என்று சந்தேகம் வந்திருக்கும். மடிக்கு ஒரு துளசித் தொட்டி. மடி கிடைக்காத தொட்டிகள் நடைபாதையில் நின்றன. நடத்துநர் ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி வந்து, "யோவ், செடிக்கெல்லாம் சீட்டு வாங்கிட்டு மனுசன நிக்க வெச்சா இன்னா அர்த்தம்?" என்று கத்தினார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாச் செடியும் வாடியிருந்தது. செடியை வைத்திருந்தவர்கள் அதைவிட வாடியிருந்தார்கள்.

அத்தனை தொட்டியும் போய்ச் சேருமிடம் ஒன்றுதான். மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவில் ஒரு சவுக்குத் தோப்பு. அங்கே செடிநாடிச் சுவாமிகள் எழுந்தருளியிருந்தார். மனிதனுக்கு நாடி பிடிப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. துளசிக்கு நாடி பிடிப்பவர் ஈரேழு உலகத்திலும் இவர் ஒருவர்தான். தண்டில் மூன்று விரலை வைப்பார், கண்ணை மூடுவார், அந்த வீட்டில் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று சொல்வார். சிற்பம் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் வழி தவறித் தோப்புக்குள் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். மறுநாளே "வெளிநாட்டு விஞ்ஞானி வியப்பு" என்று வாட்ஸ்அப்பில் படம் வந்துவிட்டது. அதை நாற்பது பேருக்கு அனுப்பினவர்களில் நானும் ஒருவன்.

என் பெயர் வரதன். வயது அறுபத்திரண்டு. ஒரு நகராட்சியில் முப்பத்தோரு வருஷம் கழிவுநீர்ப் பிரிவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் எந்தச் சாக்கடை அடைத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீருக்குப் போக வழி இல்லாவிட்டால் அது நாறும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் சம்பளமே வாங்கினேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அப்போதுதான் என் புத்தியின் முழு அழகு புலப்படும்.

அது எனக்கு இரண்டாவது தரிசனம். முதல் முறை போனது ஒன்றரை மாதத்துக்கு முன்பு. அப்போது எங்கள் வீட்டு வாசல் துளசி நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். என் மனைவி சம்பூர்ணம்தான், "பக்கத்து வூட்டுக்காரங்க போய்ட்டு வந்துட்டாங்க. நாமளும் ஒரு தபா காமிச்சிட்டு வந்துரலாம்ங்க" என்றாள். போனோம்.

சுவாமிகள் தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டு அதிர்ந்துபோனார்.

"ஓட்டை இருக்கிறதே, குழந்தாய்!"

"தொட்டின்னா ஓட்டை இருக்கும் சாமி" என்றேன் நான். அன்று நான் பேசிய ஒரே அறிவான பேச்சு அதுதான்.

"துளசிக்கு வார்ப்பது நீரா? தீர்த்தம்! அது ஓட்டை வழியே ஒழுகித் தரையில் மிதிபடலாமா? ஒழுகுவது தண்ணீர் இல்லை. லட்சுமி!"

சுற்றி நின்ற கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் போட்டுக்கொண்டேன், கொஞ்சம் பலமாகவே. பிறகு மஞ்சள் நிறத்தில் ஓர் உருண்டை கொடுத்தார். மூலிகை அரக்காம். ஓட்டையை அதால் அடைத்து, தினம் மூன்று வேளை ஒரு சொம்புத் தீர்த்தம் வார்க்க வேண்டும். உருண்டையை மோந்து பார்த்தேன். எங்கேயோ ரொம்பப் பழகிய வாசனை. பூர்வஜென்மத்துத் தொடர்பு என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழாய் கசிந்தால் அடைக்கிற பசையில் மஞ்சள் தூள் கலந்த வாசனை அது. முப்பத்தோரு வருஷம் என் விரல் நகத்துக்குள் இருந்த வாசனை.

வீட்டுக்கு வந்து ஓட்டையை அடைத்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. ஒரு சொட்டு இறங்காதபடி அடைத்தேன். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு மருமகள் ஜெயப்பிரியாவுடையது. கல்யாணமாகி வந்த மறுநாளே சம்பூர்ணம் சொம்பை அவள் கையில் கொடுத்திருந்தாள். மாமனார் சொன்னபடி அவளும் மூன்று வேளை ஊற்றினாள். மூன்றாவது வாரம் இலை மஞ்சளானது. ஐந்தாவது வாரம் உதிர்ந்தது. உடனே தொட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நீங்கள் பார்த்த அதே பஸ்.

இம்முறை சுவாமிகள் நாடி பிடித்ததுமே கையை உதறினார்.

"இந்த வருடம் உன் வீட்டுக்குள் புதிதாக ஏதோ வந்திருக்கிறது."

"ஆமா சாமி! மருமக வந்துகீறா!"

"பெண்!" என்றார் சுவாமிகள்.

"ஐயோ, எப்படிச் சாமி கண்டுபுடிச்சீங்க?" என்று நான் வாயைப் பிளந்தேன். கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நொடிக்கு முன்னால் நான்தான் சொன்னேன்.

"தீர்த்தம் வார்ப்பது அந்தக் கைதானே? அது ஆகாத கை. அடுத்த பௌர்ணமிக்குள் அந்தக் கை உன் வீட்டைவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஆண் வாரிசுக்கு ஆபத்து. துளசி மறுபடி தளிர்த்த பிறகு அவளை அழைப்பதைப் பற்றி யோசிக்கலாம்."

எனக்கு ஒரே மகன். ரஞ்சித்குமார். சம்பூர்ணம் அங்கேயே அழ ஆரம்பித்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். நான் அழவில்லை. குடும்பத் தலைவன் என்பதால் பேயறைந்த மாதிரி மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

ஜெயப்பிரியாவுக்குச் சொந்த ஊர் கருங்குழி. செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அன்று மாலை அவள் வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைத்து, இனிப்புத் தடவி, "கொஞ்ச நாளைக்கு அம்மா வூட்ல ரெஸ்ட் எடுத்துக்கயேன்" என்று ஆரம்பித்தேன். அவள் இரண்டே கேள்வியில் முழுசையும் கறந்துவிட்டாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்தான்.

"நீங்க இன்னா சொல்றீங்க?"

"கொஞ்ச நாள்தானே ஜெயா... போய்ட்டுதான் வாயேன்" என்றான் அவன். வீரன் மகன் வீரன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ஆகாத கைன்னு பேர் வாங்கிகினு நான் எங்கம்மா வூட்டுக்குப் போனா, திரும்ப வர மாட்டேன் மாமா. நீங்க கூப்ட்டாலும் வர மாட்டேன். எனக்குக் கீழ ஒரு தங்கச்சி கீறா. அக்கா கையால செடி கூட செத்துச்சாமேன்னு சொல்லுவாங்க. அவள யாரு கட்டுவாங்க?"

அவள் நேராக வாசலுக்குப் போய்த் துளசித் தொட்டியில் விரலை விட்டாள். விரல் முழுசாக உள்ளே போயிற்று. எடுத்து மோந்தாள்.

"மாமா, இது தொட்டியா, கெணறா? இந்த நாத்தம் உங்களுக்குமா தெரியல?"

எனக்குத் தெரியாத நாற்றமா? "அது தோஷத்தோட வாசனம்மா" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"பௌர்ணமிக்கு இன்னும் இருபத்தாறு நாள் கீது. அதுவரைக்கும் டைம் குடுங்க. அப்புறம் நானே பெட்டிய எடுத்துகினு போய்டறேன். எனக்கு ஆறு துளசிச் செடி மட்டும் வாங்கிக் குடுங்க."

ஆகாத கைக்கு ஆறு செடியா என்று சம்பூர்ணம் பதறினாள். ஆனாலும் சாகப்போகிறவர்களின் கடைசி ஆசையை மறுக்கக் கூடாது அல்லவா? வாங்கிக் கொடுக்க ஒப்புக்கொண்டேன்.

புதுப்பட்டினத்தில் சாலையோரமாக பதருன்னிசா என்ற அம்மாள் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். புதினா, கற்பூரவல்லி, தூதுவளைக்குத் தனி மூலை, துளசிக்குத் தனி வரிசை. ஜெயப்பிரியாவும் நானும் போய் ஆறு துளசி கேட்டதும் அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

"சாமியார் கேஸா?"

"எப்டிக்கா தெரியும்?" என்றாள் ஜெயப்பிரியா.

"அந்த ஆளு தோப்புக்கு வந்ததிலேருந்து என் யாவாரம் டபுள் ஆயிருச்சி. ஒருத்தரே மாசத்துக்கு மூணு தபா துளசி வாங்கறாரு. டப்பு வருது, வேணாங்கல. ஆனா இன்னா சொல்லு, வித்த செடி எல்லாம் தண்ணில முழுகிச் சாவுதேன்னு பேஜாரா கீது." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, ஓட்டைய அடைச்சீங்களா?"

"அடைச்சேன்."

"மூணு வேளையும் ஊத்தனீங்களா?"

"ஊத்தினோம்."

"அது இன்னா சக்கர மாத்திரையா, மூணு வேளையும் குடுக்கறதுக்கு? விரல மண்ணுல ரெண்டு கணு வுட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா ஊத்துங்க. ஈரமா இருந்தா சும்மா கெடங்க. வேருக்கும் மூச்சு வாணாமா? புதினா கூட, தண்ணி கேக்கற ஜாதி, தேங்கினா அழுவிரும். இவ்ளோதான் விஷயம். இதுக்கு ஒரு சாமியாரு, ஒரு தோப்பு, ஒரு மைக்கு!"

ஒரு நாற்றுக்காரம்மா ஒரு மகானை இப்படிப் பேசலாமா என்று எனக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டு செடிகளைத் தூக்கினேன்.

வீட்டு மொட்டை மாடியில் ஆறு தொட்டியும் ஒரே வரிசையில் நின்றன. ஒரே மண், ஒரே வெயில். மூன்று தொட்டிக்கு அடியில் ஓட்டையை அப்படியே விட்டாள். மற்ற மூன்றை, "நீங்களே அடைங்க மாமா, சாமி குடுத்த அரக்கால, உங்க கையாலயே" என்று என்னிடம் நீட்டினாள். அடைத்தேன். எது அடைத்தது, எது அடைக்காதது என்று தொட்டிக்கு அடியில் சாக்பீஸால் எழுதவும் சொன்னாள். எழுதினேன். பிறகு அவளே தினமும் ஆறுக்கும் தண்ணீர் ஊற்றினாள். அதே சொம்பு, அதே அளவு, சுவாமிகள் சொன்ன அதே மூன்று வேளை. பகலில் அவள் வேலைக்குப் போய்விடுவதால் மதியச் சொம்பை மட்டும் சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்து ஊற்றிவிட்டுப் போனாள். வேறு யாரும் தொடக் கூடாது. மாடிக் கதவின் சாவி என்னிடம்.

நான் நேர்மையானவன் அல்லவா? ஏதாவது மந்திரம் கிந்திரம் சொல்கிறாளா என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். ஒரு நாள் மூக்கில் கொசு புகுந்து நான் தும்மிவிட்டேன். "வெளிய வாங்க மாமா, அங்க பாசி கீது, வழுக்கிரும்" என்றாள் திரும்பிப் பார்க்காமலேயே.

பத்தாம் நாள் ஓர் அடைத்த தொட்டியில் இலை வெளிறியது. பதினாறாம் நாள் மூன்றும் மஞ்சள். ஓட்டை உள்ள மூன்றும் பூ விட்டிருந்தன. இதைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். என்னைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். "அடைத்த தொட்டியில் தோஷம் வெளியே போக முடியாமல் தேங்கிவிட்டது" என்று அன்று இரவு சாப்பிடும்போது சம்பூர்ணத்திடம் விளக்கினேன். அவளே சாதத்தில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப ஓட்டை இருந்தா தோஷம் வெளிய போய்டும்ங்கறீங்க."

"ஆமா."

"அப்பறம் இன்னாத்துக்கு அத்த அடைச்சோம்?"

நான் ரசம் கேட்டேன்.

பௌர்ணமியன்று தோப்பில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். ஆறு தொட்டியையும் பதருன்னிசா தன் குட்டியானை வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினார். நாங்கள் நால்வரும் வரிசையில் நின்றோம். ஜெயப்பிரியாவின் பெட்டி வீட்டு வாசலில் கட்டி வைத்தபடி இருந்தது. அதை நாங்கள் யாரும் மறக்கவில்லை.

எங்கள் முறை வந்ததும் அவளே முன்னால் போனாள்.

"சாமி, ஆறு தொட்டி கொணாந்துகீறோம். இதுல ஆகாத கை பட்டது எது, நல்ல கை பட்டது எதுன்னு நாடி புடிச்சிச் சொல்லணும்."

சுவாமிகளுக்கு ஏக மகிழ்ச்சி. மைக்கை வாங்கிக்கொண்டார். செத்துக்கொண்டிருந்த மூன்றிலும் விரல் வைத்து மூன்று தடவை கையை உதறினார். "இதோ, இம்மூன்றும் பாவக் கை!" மற்ற மூன்றையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இவை மகாலட்சுமியின் கை! பார்த்தீர்களா பக்தர்களே!"

கூட்டம் ஆவென்றது. அவள் அந்தச் சத்தம் அடங்கும்வரை நின்றாள்.

"ஆறும் என் கைதான் சாமி. வேற யாரும் ஒரு சொட்டு ஊத்தல. செத்தது மூணும் நீங்க சொன்னபடி ஓட்டைய அடைச்சது. எங்க மாமாவே சாட்சி."

முந்நூறு தலையும் என் பக்கம் திரும்பின. சுவாமிகள் என்னைப் பார்த்து முறைத்தார். மகன் உயிருக்கு ஆபத்து என்றாரே, அது காதில் ஒலித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருப்பேன். ஜெயப்பிரியா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம்தான் என் விலாவில் முழங்கையால் இடித்தாள். இரண்டு முறை. இரண்டாவது இடி எலும்பில் பட்டது.

"ஆமாங்க" என்றேன். "அடைச்சது நான்தான். ஊத்தனது பூரா இந்தப் பொண்ணுதான். நானே ஒளிஞ்சிருந்து பாத்தேன்."

தொட்டிகளைத் தூக்கி அடியில் இருந்த சாக்பீஸ் எழுத்தைக் காட்டினேன். ஒரு செத்த தொட்டியைக் கவிழ்த்தேன். கறுத்த சேறும் அழுகிய வேரும் தொப்பென்று விழுந்தன. முன் வரிசை மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கியது.

சுவாமிகள் லேசுப்பட்டவரா? "மூடர்களே! ஓட்டையுள்ள தொட்டியில் செடி பிழைக்கும், லட்சுமி ஒழுகிப் போய்விடுவாள்! உங்களுக்குச் செடி முக்கியமா, லட்சுமி முக்கியமா?" என்றார். நம்புவீர்களா? பாதிக் கூட்டம் தலையாட்டியது. என் தலையும் ஒரு அரை இஞ்ச் ஆடியது. பழக்கதோஷம்.

அப்போதுதான் பதருன்னிசா மேடையேறினார். சுவாமிகளின் ஆசனத்துக்குப் பக்கத்தில் பட்டுத்துணி சுற்றிய பெரிய தொட்டியில் ஆளுயரத் துளசி ஒன்று தளதளவென்று நிற்கும். அதைத் தொட்டுத்தான் எல்லோரும் கும்பிடுவார்கள். அவர் பட்டை உருவினார். தொட்டி நாலு செங்கல் மேல் நின்றது. அடியில் நாலு ஓட்டை. கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு. சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

"என்னாண்டதான் வாங்கினாரு. ஓட்டைய பெருசாப் போட்டுக் குடுங்கன்னு கேட்டு வாங்கினாரு. ஊராங்க லட்சுமிய அடைச்சி வெச்சிட்டு, உன் லட்சுமிய மட்டும் நாலு ஓட்டைல ஒழுக வுட்டுகினு கீறியே முத்துசாமி, இது இன்னாபா நாயம்?"

"இன்னாமே, யாரக் கேட்டு மேடை மேல ஏறினே? எறங்குமே!" என்றார் சுவாமிகள் மைக்கிலேயே. அவருடைய செந்தமிழ் அத்தோடு தீர்ந்தது. கூட்டத்தில் சத்தம் கிளம்பியதைப் பார்த்துச் சட்டென்று வாயில் விரலை வைத்தார். மௌன விரதமாம். விரதத்தோடு சவுக்கு மரங்களுக்குப் பின்னால் நடந்தார், நடை ஓட்டமாயிற்று. ஒரு மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

கூட்டத்துக்குத் தெளிவு பிறந்துவிட்டது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். நடந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு அம்மாள் தன் வாடிய தொட்டியோடு ஜெயப்பிரியாவிடம் ஓடிவந்தார். "யம்மா, செத்த செடியையே பூக்க வெக்கற கையாமே உனுது! எங்க வூட்டுத் துளசிக்கு ஒரு சொம்பு ஊத்திட்டுப் போம்மா!" அவர் பின்னால் பத்துப் பேர் வரிசை கட்டிவிட்டார்கள். ஒருவர் கற்பூரம் கொளுத்தவே போய்விட்டார்.

"ஐயோ, என் கைல ஒண்ணும் இல்ல!" என்று அவள் கத்தினாள். "அடைப்ப எடுங்க. மண்ணுல விரல வுட்டுப் பாருங்க. காஞ்சா மட்டும் ஊத்துங்க. அவ்ளோதான்!"

"எந்த விரல்மா? மோதிர விரலா, ஆள்காட்டி விரலா?" என்றார் வரிசையில் முதலில் நின்ற பெரியவர்.

சிரிக்காதீர்கள். அதே கேள்வி என் வாயிலும் தயாராக இருந்தது. அவர் முந்திக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில் கூட்டம் இல்லை. சம்பூர்ணம் மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேசத் தெரியவில்லை, பிடித்துக்கொண்டாள். ரஞ்சித்குமார் செல்போனைப் பையில் போட்டுவிட்டு, "வூட்டுக்குப் போனதும் பெட்டிய நானே பிரிச்சி வெக்கறேன் ஜெயா" என்றான். எனக்கோ ஒரே பெருமை. என் மருமகள் ஒரு போலிச் சாமியாரைத் துரத்திவிட்டாள், நான் சாட்சி சொன்னேன் என்று யார் யாருக்குப் போன் போடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"ஒருவேள வெயில் தாங்காம, பூச்சி புடிச்சி, அந்த ஆறு செடியும் செத்துப் போயிருந்தா? நான் இன்னேரம் எங்க இருந்திருப்பேன்?"

நான் வெளியே பார்த்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியாயிற்று. பதில் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். கருங்குழியில் இருந்திருப்பாள், நானே கொண்டுபோய் விட்டிருப்பேன். மூன்று செடி பிழைத்ததால் பிழைத்தவள் அவள். என் அறிவால் இல்லை.

"செடி தப்பிச்சதால நானும் தப்பிச்சேன். இல்ல மாமா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும் என்பது செங்கல்பட்டு வந்து இறங்கின பிறகுதான் தோன்றியது. பஸ் ஸ்டாண்டிலேயே சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்துவிட்டாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருத்தி மேல் இப்படி ஒரு பழி இருக்கும். கால் சரியில்லை என்பார்கள், கை ராசியில்லை என்பார்கள், அவள் வந்த நேரம் என்பார்கள். அதைத் துடைக்க அவள் ஆறு தொட்டி வாங்கி இருபத்தாறு நாள் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை. நீங்கள் ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். எனக்கு அந்த ஒரு நிமிஷம் ஒதுக்க அறுபத்திரண்டு வருஷம் நேரம் கிடைக்கவில்லை. உங்களுக்கு எப்போது வசதிப்படும்?